கேரளத்துக்குக் குடிபோகும் முன்

ஈரோட்டிலிருந்து ஆலப்புழைக்கு மாற்றலாகிப் போகும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கேரளம் என்றால் எனக்குத் தெரிந்தது படகு வீடும் சபரிமலையும்தான். மனைவியோடும் பள்ளிக்கூடம் போகும் பையனோடும் குடிபோகிறேன். அந்த ஊரையும் மனிதர்களையும் பற்றி மொத்தமாகச் சொல்ல முடியுமா?" ஆலப்புழையில் கயிறு ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்தில் பதினோரு வருடம் கணக்கெழுதியவன் நான். என் மகள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் மொழி மலையாளம்தான். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் மனதில் பதிய வேண்டியது அந்த நிலத்தின் நெருக்கம். கேரளத்தின் பரப்பு 38,863 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் மக்கள்தொகை 2011 கணக்குப்படி 3.34 கோடி, ஏறக்குறைய நம்மில் பாதி. சதுர கிலோமீட்டருக்கு 860 பேர். நம் பக்கம் 555. கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை, மேற்கே ஏறத்தாழ 590 கிலோமீட்டர் நீளக் கடற்கரை. நடுவில் உள்ள துண்டு நிலத்தில்தான் எல்லோரும் வாழ வேண்டும். மலையில் காலையில் கிளம்பினால் பல இடங்களில் மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரைக்கு வந்துவிடலாம். நம் ஊரில் ஓர் ஊர் முடிந்தால் வயல், பிறகு பொட்டல், பிறகு அடுத்த ஊர். அங்கே ஊர் முடியவே முடியாது. பறம்பு என்று சொல்லும் தோட்டத்துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு வீடு, சுற்றிலும் தென்னை, பலா, ஒரு மிளகுக்கொடி, ஒரு கிணறு. அதை ஒட்டி அடுத்த பறம்பு. பேருந்தில் இரண்டு மணி நேரம் போனாலும் வீடுகள் விட்டபாடில்லை. கேரளத்தின் படிப்பு, போராட்டம், வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த இடநெருக்கடிதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அடுத்தது தண்ணீர். மலையாளத்தில் குடிக்கும் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். சாப்பாட்டுக் கடையில் "வெள்ளம் வேணோ?" என்று கேட்டு, பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரை வைப்பார்கள். முதல் நாள் என் மனைவி அதைக் குடிக்கத் தயங்கினாள். பிறகு ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் அந்தப் பட்டையை வாங்கிக்கொண்டு வந்தாள். ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை. ஜூன் முதல் வாரத்தில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் துலாவர்ஷம். 44 ஆறுகளில் 41 மேற்கே கடலுக்குப் போகின்றன. கபினி, பவானி, பாம்பாறு மூன்றும்தான் கிழக்கே திரும்புகின்றன. ஈரோட்டில் நீங்கள் குடித்து வளர்ந்த பவானித் தண்ணீரில் ஒரு பங்கு அட்டப்பாடி வழியாகச் சுற்றி வந்ததுதான்.

நீங்கள் போகும் ஆலப்புழைக்குப் பின்னால் குட்டநாடு இருக்கிறது. இதைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கடல் மட்டத்துக்குக் கீழே, சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் கீழே, நெல் விளைகிறது. நம் ஊரில் புஞ்சை என்றால் வானம் பார்த்த பூமி. குட்டநாட்டில் புஞ்ச என்றால் காயல் என்னும் கடலோரக் கழிக்குள் வரப்புக் கட்டி, உள்ளே நிற்கும் தண்ணீரை இறைத்து வடித்துவிட்டு, அந்தச் சேற்றில் விதைக்கும் நெல். வேம்பநாட்டுக் காயலின் அடியிலிருந்து மூழ்கி மூழ்கிச் சேற்றுக்கட்டி அள்ளி, மூங்கிலும் தென்னந்தடியும் நட்டு அந்த வரப்புகளைக் கட்டியவர்கள் பெரும்பாலும் புலையர், பறையர் சமூகத்துத் தொழிலாளிகள். 1940-களில் முரிக்கன் என்ற பெருநிலக்காரர் காயலை மறித்து எடுத்த சித்திரை, மார்த்தாண்டம், ராணி ஆகிய மூன்று காயல் நிலங்களின் பெயர் இன்றும் எல்லோர் வாயிலும் உண்டு. முதலில் மரச் சக்கரத்தைக் காலால் மிதித்துத் தண்ணீர் இறைத்தார்கள். பிறகு பெட்டியும் பறையும் என்னும் பம்பு வந்தது. மரத்தால் ஆன உருளைக்குள் விசிறி சுற்றித் தண்ணீரை மேலே தள்ளி, பெட்டி வழியாக வெளியே கொட்டும். மின்சாரத்தில் ஓடும் அந்த அமைப்பை இன்றும் பாடசேகரங்களில் பார்க்கலாம். ஒரே வரப்புக்குள் கிடக்கும் வயல்கள் மொத்தத்துக்கும் பெயர் பாடசேகரம். எல்லோரும் ஒரே நாளில் தண்ணீர் இறைத்து, ஒரே நேரத்தில் விதைத்தால்தான் விவசாயம். தனியாக ஒருவர் எதுவும் செய்ய முடியாது.

வரப்பு உடைவதை மடவீழ்ச்ச என்பார்கள். ஓர் ஆகஸ்ட் மாதம், என்னோடு வேலை பார்த்த ஒரு சேட்டனின் வீட்டில், கைனகரியில், இரவு தங்கியிருந்தேன். நள்ளிரவு தாண்டி யாரோ வரப்பு மேலிருந்து கூவினார்கள். எழுந்து போவதற்குள் மண்மூட்டையும் மூங்கிலுமாக இருபது முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்: ஆள் நுழையும் அகலத்துக்குத்தான் உடைப்பு. காபி நிறத்தில் தண்ணீர் உருண்டு உள்ளே விழுந்துகொண்டிருந்தது. சேட்டன் கழுத்தளவு நீரில் நின்று தென்னந்தடியைத் தோளால் தாங்கினார். இரண்டு மணி நேரம் போராடியும் நிற்கவில்லை. உடைப்பு லாரி போகும் அகலமானது. விடிந்தபோது நேற்றுவரை பச்சையாகக் கிடந்த வயல் காயலாகிவிட்டது. சேட்டனின் அம்மை அடுப்பைக் கட்டிலுக்கு மேல் ஏற்றிவைத்து எல்லோருக்கும் கட்டன் சாயா போட்டார். யாரும் அழவில்லை. ஒரு தாளை எடுத்து, இறைப்புக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு என்று எழுத ஆரம்பித்தார்கள். மலையாளிகள் மலையிலும் காயலிலும் சொகுசாக வாழ்கிறவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் காலைதான் கண்முன் வரும்.

கடலைப் பொறுத்தவரை, அந்த மக்கள் உலகத்தைப் பார்த்தது அதன் வழியாகத்தான். யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு முசிறித் துறையில் வைத்துச் சொல்கிறது. சேரநாடு நம் இலக்கியத்தின் ஒரு பாதி. பதிற்றுப்பத்து முழுக்கச் சேரர் பாட்டுதான். அரபு வணிகரும் யூதரும் சீனரும் வந்தார்கள். 1498-இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு அருகே கரை சேர்ந்தார். கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள யூதர்களின் வழிபாட்டு இடம் 1568-இல் கட்டப்பட்டது. வந்தவர்களில் பலர் தங்கிக் கலந்து மலையாளிகள் ஆனார்கள். 2011 கணக்கில் இந்துக்கள் 54.7 விழுக்காடு, முஸ்லிம்கள் 26.6, கிறித்தவர்கள் 18.4. ஆலப்புழையில் ஒரே தெருவில் மூன்று வழிபாட்டு இடங்களின் ஒலியும் கேட்கும். அயல் வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவது என்பதுகூட இதில் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பொதுவாகச் சேட்டன், சேச்சி. முஸ்லிம் வீடானால் இக்கா, இத்தா. தயக்கமாக இருந்தால் ஆண்களுக்குச் சேட்டா என்றே சொல்லுங்கள், யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள்.

இனி, எல்லோரும் புகழும் படிப்பு. 2011-இல் எழுத்தறிவு 94 விழுக்காடு. 1817-இலேயே திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டார் என்பதை அங்கே ஒவ்வொரு பிள்ளையும் படிக்கும். ஆனால் அந்த உத்தரவு எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்குள் கொண்டுவந்துவிடவில்லை. கேரளத்தின் சாதிக் கொடுமை நாம் கேள்விப்பட்டதைவிடக் கடுமையானது. இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று சாதிக்குச் சாதி தூரம் வைத்திருந்தார்கள். பொது வழியில் நடக்கக்கூட உரிமை கிடையாது. 1893-இல் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, தலைப்பாகை கட்டி, வில்வண்டியில் ஏறி, தடுக்கப்பட்ட ராஜபாதையில் ஓட்டிப் போனார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளிகளைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தவரும் அவரே. கூலிக்காக அல்லாமல் பள்ளிக்கூடத்துக்காக நடந்த வேலைநிறுத்தம்! அதற்கு முன்பே 1888-இல், அந்த உரிமை மறுக்கப்பட்ட ஈழவர் சமூகத்தில் பிறந்த நாராயண குரு அருவிப்புறத்தில் தாமே சிவனைப் பிரதிட்டை செய்தார். ஆலப்புழையிலிருந்து வேம்பநாட்டுக் காயலுக்கு அக்கரையில் இருக்கிறது வைக்கம். 1924-இல் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமை கேட்டு அங்கே சத்தியாகிரகம் தொடங்கியது. தலைவர்கள் கைதானபோது உங்கள் ஈரோட்டிலிருந்து பெரியார் போய் நின்று இரண்டு முறை சிறை சென்றார். குடிபோன முதல் மாதத்திலேயே பையனை அங்கே கூட்டிப்போங்கள். 1936-இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்ததற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியும் சென்னை மாநிலத்தில் இருந்த மலபாரும் சேர்ந்து கேரளமானது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம் பக்கம் வந்தன; தேவிகுளமும் பீர்மேடும் அங்கேயே இருந்தன. 1957-இல் வாக்குப்பெட்டி வழியாக ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தது. 1959-இல் அது கலைக்கப்பட்டது. நிலச்சீர்திருத்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1970 ஜனவரி 1 முதல்தான். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரருக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை சொந்தமாகக் கிடைத்தது. பத்து சென்ட் என்றால் சின்னதுதான். ஆனால் யாரும் இறங்கிப் போ என்று சொல்ல முடியாத பத்து சென்ட். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் குடும்பமே அப்படி நிலம் பெற்றதுதான். அவருடைய அப்பா கயிற்றுத் தொழிலாளி. மகள் செவிலியர் படித்து வெளிநாடு போனாள்.

படிப்பு பள்ளியோடு நிற்பதில்லை. 1945-இல் பி.என். பணிக்கர் 47 சிறு நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய நூலக இயக்கம் ஊருக்கு ஊர் வாயனசாலைகளாகப் பரவியது. அவர் மறைந்த ஜூன் 19 அங்கே வாசிப்பு நாள். எங்கள் தெருக்கோடியில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு வாயனசாலை இருந்தது. மாலை ஆறு மணிக்கு வேலை முடித்த கூலிக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளின் தாள்களைப் பிரித்துப் பங்கிட்டுப் படிப்பார்கள். தலையங்கத்தைப் பற்றிச் சண்டை வரும். மறுநாள் அதே பெஞ்சு. கண்ணூர்ப் பக்கம் பீடி சுற்றும் இடங்களில், ஒருவர் உரக்கச் செய்தி படிக்க, மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பது வழக்கமாக இருந்தது. படிப்பவரின் பங்குப் பீடியை மற்றவர்கள் சேர்ந்து சுற்றித் தருவார்கள். 1991 ஏப்ரல் 18-இல் கோழிக்கோட்டில், முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்ற அறிவிப்பை வாசித்தவர், முதிய வயதில் எழுதப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா. அமைச்சரை விட்டுவிட்டு அவரை வாசிக்க வைத்தார்களே, அந்த முடிவுக்காகவே எனக்கு அந்த மண்ணின்மேல் மரியாதை அதிகம்.

2011 கணக்கில் ஆண்கள் ஆயிரத்துக்குப் பெண்கள் 1,084 பேர். ஒரு வயதுக்குள் குழந்தை இறப்பு 2020 கணக்கில் ஆயிரம் பிறப்புக்கு 6. நாட்டுச் சராசரி 28. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்னும் மாநில அரசுத் திட்டம் பல லட்சம் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்திருக்கிறது. உங்கள் மனைவிக்கு ஊர் பழகவேண்டுமென்றால் பக்கத்துக் குடும்பஸ்ரீ உணவுக்கடையில் இருந்து ஆரம்பிக்கலாம்.

ஆனால் இவ்வளவு படித்தவர்களுக்கு அங்கேயே வேலை இல்லை. 1970-களில் எண்ணெய்ப் பணம் வளைகுடாவில் பெருகியபோது கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 2018-இல் எடுத்த புலம்பெயர்வுக் கணக்கெடுப்பில் வெளிநாட்டில் இருந்த மலையாளிகள் ஏறத்தாழ 21 லட்சம். அந்தப் பணத்தில் எழுந்த பெரிய வீடுகளில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. அல்லது வயதான ஒரு தம்பதி மட்டும் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள். மாலையில் முன்திண்ணையில் உட்கார்ந்து, கைப்பேசியில் பேரக்குழந்தையிடம் பேசிவிட்டு, வைத்தபின் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்களே, அந்த மௌனத்தை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவர்கள் விட்டுப்போன கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் வங்காளம், அசாம், ஒடிசா, பீகாரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாவூரில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் கடைப் பலகைகளே வங்காள மொழியில் இருக்கும். அரசு அவர்களை அதிதி தொழிலாளிகள், அதாவது விருந்தினர் என்கிறது. கூலி நாட்டின் உயர்ந்த வரிசையில் இருப்பது உண்மை. தங்குமிடம் பல இடங்களில் விருந்தினருக்கு ஏற்றதாக இல்லை என்பதும் உண்மை.

இந்த முன்னேற்றம் எட்டாமல் போனவர்களைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னது பாதிப் பொய்யாகிவிடும். வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தையே இழந்தார்கள். அதை மீட்டுத் தர 1975-இல் சட்டம் போட்டும் நடைமுறையில் நிலம் திரும்பவில்லை. கடற்கரையில் செல்லானம் போன்ற ஊர்களில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் வீட்டுக்குள் வந்தது. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறையாகக் கொழுந்து பறிப்பவர்கள் நம் தமிழ் மக்கள். லயம் என்னும் வரிசை வீட்டில், வேலை ஓய்ந்தால் வீடும் போய்விடும் என்ற நிலையில் இருக்கிறார்கள். 2015-இல் அந்தப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை' என்று சேர்ந்து, பெரிய சங்கங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, சாலையில் உட்கார்ந்து போனஸும் கூலியும் கேட்டார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்ததில் 70 பேர் மாண்டார்கள். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

2018 வெள்ளம் வந்தபோது நான் அங்கே இருந்தேன். 1924-இல், மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் 1099-இல், வந்த பெருவெள்ளத்தைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று கிழவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த ஊர் அது; இதற்கு இணையாக அதைத்தான் சொன்னார்கள். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைகள் மூழ்கியபோது கடற்கரை மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூருக்கும் ஆலுவாவுக்கும் போனார்கள். அலைக்குக் கட்டிய படகு, தெருச்சுவரிலும் மின்கம்பத்திலும் மோதி அடிப்பலகை பிளந்தது. அதற்கு எவரும் முன்கூட்டிக் காசு பேசவில்லை. ஆண்டு முழுதும் கடனில் ஓடும் குடும்பங்கள் அவை.

சாப்பாடு சுருக்கமாக. மட்ட அரிசிச் சோறு பருமனாக இருக்கும், பழக ஒரு மாதம் ஆகும். கப்பையும் குடம்புளி போட்ட மீன்கறியும் சேர்ந்தால் வேறெதுவும் வேண்டாம். கப்பை என்பது நம் மரவள்ளிதான். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் ஏழைகளின் பஞ்சம் தீர்க்கப் பரப்பியது. காலை புட்டு-கடலை. மீன் வாங்கும்போது மத்தியின் கண் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்; தெற்கே அதையே சாளை என்பார்கள். ஜூன் 9 முதல் ஜூலை 31 வரை இழுவைப் படகுகளுக்குத் தடை, மீன் விலை ஏறும். அந்த நாட்களில் புறக்காடு, அம்பலப்புழைப் பக்கம் சாகரை வந்தால் கொண்டாட்டம்தான். கடலடிச் சேறு திரண்டு அலையை அடக்கிவிடும். சுற்றிலும் கடல் கொந்தளிக்கும்போது அந்த ஓர் இடம் மட்டும் குளம்போல் கிடக்கும், மீனும் அங்கே வந்து கூடும். கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், மருந்துக்கஞ்சி குடித்து ராமாயணம் வாசிப்பார்கள். அடுத்துச் சிங்ஙம் பிறந்தால் ஓணம். அண்டை வீட்டார் ஓணச் சத்யைக்கு, அதாவது விருந்துக்கு, கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், குடும்பத்தோடு.

மனதைப் புண்படுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிலர் தமிழரைப் 'பாண்டி' என்பார்கள். அதில் இளப்பம் உண்டு. எனக்கும் நேர்ந்திருக்கிறது. நாமும் அவர்களைப் பற்றி நம் ஊரில் என்னென்ன பேசுகிறோம் என்று எண்ணிப் பார்த்தபின் எனக்குக் கோபம் தணிந்தது. மலையாளத்தில் பத்து வாக்கியம் பேசத் தொடங்கிய நாளில் அந்தச் சொல் என் காதில் விழுவது நின்றது. இலக்கணம் தப்பினாலும் பேசுங்கள். பேசிப் பழக ஒரு சொல் போதும்: சுகமாணோ?

படகு வீடு இப்போது வேண்டாம், உறவினர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிறு காலை ஆலப்புழை படகுத்துறைக்குப் போய், அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகில் நெடுமுடிக்கோ காவாலத்துக்கோ டிக்கெட் எடுங்கள். பேருந்துக் கட்டணம் போலத்தான் இருக்கும். வீட்டுக்கு வீடு படகு நிற்கும் கடவு உண்டு. ஒரு கடவில் காஸ் சிலிண்டர் இறங்கும், அடுத்ததில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறுவாள். பையனை ஓரத்தில் உட்காரவைத்து வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். படகு மிதக்கும் தண்ணீர் மேலே இருக்கும், நெல்வயல் கீழே பள்ளத்தில் இருக்கும். ஏன் என்று கேட்பான். கைனகரி வரப்பைக் காட்டி, அந்த இரவில் நடந்ததைச் சொல்லுங்கள்.